லீவு நாள் முற்றத்தில் விடும் பிழைகள்: கம்பு, கராத்தே, கீரைப் பாத்தி

பள்ளிக்கூட லீவு விட்டதும் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் மூன்று காரியம் ஒன்றாகத் தொடங்கும். பிள்ளையைக் கராத்தேயிலோ சிலம்பத்திலோ சேர்ப்பது, வளவுக்குள் ஒரு பாத்தி வெட்டிக் கொடுப்பது, போனைப் பறித்து அலுமாரிக்கு மேல் வைப்பது. முதற் கிழமை நன்றாகத்தான் போகும். இரண்டாம் கிழமை ஒரு பிள்ளைக்குத் தலையிடி, மற்றதுக்குத் தொடையில் நோ. பாத்தி காய்ந்து வெடித்துக் கிடக்கும், போன் கீழே இறங்கியிருக்கும். பிள்ளைக்கு அக்கறையில்லை என்று தாய் தகப்பன் முடிவு கட்டிவிடுவார்கள். கம்பு, மண்வெட்டி, வாளி, பயிர், நேரம் எல்லாவற்றையும் பெரியாட்களின் அளவில் கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

நேரம்

ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே நிற்கும். சித்திரை லீவும் ஆவணி லீவும் விழுவது இந்த நாட்களை ஒட்டித்தான். ஒன்பது மணிக்கு எழும்பி, பத்து மணிக்குச் சீமெந்து முற்றத்தில் வெறுங்காலோடு பயிற்சி தொடங்குவதுதான் எல்லாப் பிழைக்கும் முதற் பிழை. அந்த நேரத்தில் சீமெந்து பாதத்தைச் சுடும். பிள்ளை குதிக்காலைத் தூக்கிக்கொண்டே நிற்கும், நிலை பழுதாகும்.

காலை 6.15 முதல் 7.30 வரை, பின்னேரம் 4.45 முதல் 6.15 வரை. வெளியில் செய்வதெல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இடையில் நிழல், சாப்பாடு, நித்திரை, கொப்பியில் செடியின் உயரம் எழுதுவது போதும். மண் முற்றம் இருந்தால் அதுவே நல்ல இடம். கல், தகரம், போத்தல் ஓடு இல்லாமல் கூட்டி, தண்ணீர் தெளித்து, கால் மணித்தியாலம் விட்டால் தூசி அடங்கிவிடும்.

பயிற்சியையும் தோட்ட வேலையையும் ஒரே காலையில் செய்வதென்றால் பயிற்சி முதலில். மண் கொத்திக் களைத்த கையில் பிடி தளரும், கம்பு நழுவும். பயிற்சி முடிந்து தண்ணீர் ஊற்றும்போது மூச்சும் தானாக இறங்கிவிடும். ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு 15 முதல் 20 நிமிடம், ஏழு முதல் ஒன்பது வரை அரை மணித்தியாலம், அதற்கு மேல் முக்கால் மணித்தியாலம் போதும். அதைத் தாண்டினால் விளையாட்டுக் குணம் போய் முறுகல் தொடங்கும்.

தாகம் எடுத்த பிறகு தண்ணீர் கொடுப்பது இன்னொரு பிழை. தொடங்குமுன் அரைத் தம்ளர், பிறகு இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை அரைத் தம்ளர். ஆறவைத்த தண்ணீர், மோர், இளநீர், ஒரு சிட்டிகை உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் எதுவும் நல்லது. சோடா வேண்டாம், வயிறு ஊதும், இனிப்புக் கூடத் தாகமும் கூடும். சோறு சாப்பிட்டால் இரண்டு மணித்தியாலம் கழித்தே பயிற்சி. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் அன்றைக்கு நிறுத்துங்கள். தலைசுற்று, சத்தி என்றால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைத் தளர்த்தி, கழுத்திலும் கக்கத்திலும் ஈரத்துணி வைத்து விசிறுங்கள். பிள்ளை தெளிவாக இருந்தால் ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கலாம். ஒரு பக்கற் முழுவதையும் ஒரு லீற்றர் தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதியைக் கொட்டி அரைப் போத்தலில் கலக்கும் பழக்கம் அளவைக் குழப்பிவிடும். பேச்சுத் தடுமாறினால், உடம்பு கொதித்தும் வேர்க்காமல் இருந்தால், வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

கம்பு

வீட்டில் சிலம்பம் பழகப் பிள்ளை முதலில் எடுப்பது தும்புத்தடியின் பிடி. அது வர்ணம் பூசி வழுக்கும். ஒரு அடியில் முறிந்தால் நுனி ஈட்டிபோலக் கூராக நிற்கும். வேலியில் வெட்டிய பச்சைக் கிளுவைத் தடி பாரம், காயக் காய வளைந்துவிடும். பிரம்பு நல்லது. அது பழுதானாலும் நாராகக் கிழியுமே தவிர மூங்கில் போலச் சிராய் எறியாது.

கம்பை நிமிர்த்தி நிலத்தில் வைத்தால் அதன் நுனி பிள்ளையின் புருவத்தைத் தாண்டக் கூடாது. ஏழு வயதுக்குக் கீழே தோள்மூட்டு மட்டும் இருந்தாலே சுழற்றலாம். தடிப்பைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பிள்ளை கம்பைப் பொத்திப் பிடிக்கும்போது பெருவிரல் நுனி சுட்டுவிரலைத் தொட வேண்டும். தொடாவிட்டால் கம்பு தடிப்பு. மணிக்கட்டால் சுழற்ற முடியாமல் தோளால் வீசும், இரண்டு நாளில் தோள் நோகும். அண்ணன் பாவித்த கம்பைத் தம்பிக்குக் கொடுப்பது சிக்கனம்தான், ஆனால் வெட்டிக் குறுக்கி, வெட்டுவாயை அரத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுக் கொடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை நல்லெண்ணெய் பூசினால் பிரம்பு உலர்ந்து வெடிக்காது. ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் ஒரு துணியால் கம்பை நீளவாக்கில் உருவிப் பாருங்கள். நூல் இழுபட்டால் அங்கே சிராய் இருக்கிறது.

நாலடிக் கம்பென்றால் பிள்ளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் எட்டடி வெளி வேண்டும். உடுப்புக் கொடி, வயர், யன்னல் கண்ணாடி மூன்றையும் பார்ப்பவர்கள் மேலே பார்ப்பதில்லை. தென்னைக்குக் கீழே பயிற்சி வேண்டவே வேண்டாம். சோளகக் காற்று அடிக்கும் ஆகஸ்டில் காவோலையும் குரும்பட்டியும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒருவர் சுற்றும்போது மற்றவர் திண்ணையில் இருந்து எண்ணட்டும். மாஸ்ரர் முன்னால் இல்லாமல் கம்போடு கம்பு மோதும் பயிற்சி வீட்டில் கிடையாது. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

கைமுட்டி, முழங்கால், தொடை

கராத்தேயில் வீட்டாட்கள் அதிகம் தலையிடுவது நீட்சிப் பயிற்சியில். பிள்ளை கால் விரித்து இருக்கும்போது பின்னாலிருந்து தோளை அமத்தினால் கால் இன்னும் விரியும் என்று நினைக்கிறார்கள். விரிவதில்லை, கவட்டுத் தசை கிழியும். அது ஆற வாரக்கணக்காகும். ஐந்து நிமிடம் துள்ளி ஓடி உடம்பு சூடான பிறகே நீட்டலாம். பிள்ளை தானாகப் போகும் தூரம் வரை, பதினைந்து செக்கன், ஆட்டாமல்.

கைமுட்டி பிடிப்பதை இருந்து பாருங்கள். நாலு விரலையும் நுனியிலிருந்து உள்ளே சுருட்டி மடக்க வேண்டும். பெருவிரல் வெளியே, சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் குறுக்காகப் படிய வேண்டும். சின்னப் பிள்ளைகள் பெருவிரலை உள்ளே ஒளித்துக்கொள்வார்கள். அப்படிக் குத்தினால் முதலில் உடைவது அந்த விரல்தான். கையை உயர்த்தி மணிக்கட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் முன்கையும் புறங்கையும் ஒரே கோடாக இருக்க வேண்டும்.

காற்றில் உதைக்கும்போது காலை முழுதாக நீட்டிப் பூட்டினால் முழங்காலின் பின்பக்கம் இழுபடும். முழங்காலைத் தூக்கி, உதைத்து, உடனே மடக்கி, பிறகு வைக்க வேண்டும். மடக்குவதை மறக்கிற பிள்ளையிடம் உதையின் உயரத்தைப் புகழாதீர்கள். காலை அகட்டி முழங்காலை மடித்து நிற்கும் கிபா டாச்சி போன்ற தாழ்ந்த நிலையில் முழங்கால் கால்விரல் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும். உள்ளே சரிந்தால் கொஞ்சம் உயரட்டும். பத்துச் செக்கன் சரியாக நிற்பது ஒரு நிமிடம் நடுங்கி நிற்பதைவிட மேல்.

பலகை உடைப்பது, கைமுட்டி ஊன்றித் தண்டால் எடுப்பது, சுவரில் குத்துவது எதுவும் பிள்ளைகளுக்கு இல்லை. வளரும் எலும்பின் முனையில் குருத்தெலும்புத் தட்டு இருக்கிறது. திரும்பத் திரும்ப அடிபட்டால் அது பாதிக்கப்படும். குத்துவதற்கு ஒரு தலையணை போதும். அதைப் பிள்ளையின் நெஞ்சு உயரத்தில், உங்கள் முகத்துக்கு விலக்கிப் பிடியுங்கள். வாழையை உதைக்க விடாதீர்கள். வாழை பழுதாவது மட்டுமல்ல, வெள்ளை உடுப்பில் பட்ட வாழைக்கயர் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.

அந்த உடுப்பைப் பற்றியும் ஒன்று. வளருகிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவார்கள். கைநீளம் மடித்துத் தைக்கலாம். கால்சட்டை கணுக்காலுக்குக் கீழே இறங்கினால் தடுக்கி விழும். பருத்தி முதல் அலசலில் சுருங்கும், ஆகையால் தைக்குமுன் ஒருமுறை நனைத்துக் காயவிடுங்கள். வீட்டுப் பயிற்சிக்கு அது தேவையே இல்லை. ரீசேட்டும் அரைக்காற்சட்டையும் காணும்.

பாத்தி

பெரிய பிழை பயிர்த் தேர்வில். தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் நாற்று விட்டு, நட்டு, காய் பிடிக்க இரண்டு மூன்று மாதம் எடுக்கும். லீவு அதற்கு முன்னமே முடிந்துவிடும். முளைக்கீரை மூன்று நாலு நாளில் முளைத்து 25 முதல் 30 நாளில் சட்டிக்கு வரும். பயறும் வெந்தயமும் அதைவிட வேகம். வெண்டி காய்க்க ஏழு கிழமை ஆகும், ஆனால் இரவு ஊறவைத்துப் போட்டால் ஐந்தாறு நாளில் தடித்த முளை எழும். பிள்ளைக்கு அது ஒரு காட்சி. கீரைப் பாத்தியின் ஓரத்தில் நாலு வெண்டி போதும்.

பிள்ளைக்கு ஒரு பாத்தி: அகலம் இரண்டடி, நீளம் ஐந்தடி. இரண்டடிக்கு மேல் போனால் கை எட்டாமல் உள்ளே மிதித்துவிடும். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் இறுகிவிடும். முதல்நாள் பின்னேரம் தண்ணீர் விட்டு, காலையில் பெரியவர் ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கொடுக்க வேண்டும். மண்வெட்டியும் புல் செருக்கும் உழவாரமும் பிள்ளையின் கைக்கு இல்லை. மேசன்மாரின் சின்னச் சாந்தகப்பை ஒன்று வாங்கிக் கொடுங்கள். நன்றாக மட்கிய மாட்டெரு ஒரு வாளி கலக்கலாம். பச்சைச் சாணமும் புது ஆட்டெருவும் மண்ணில் சூடேறி இளவேரைக் கருக்கும்.

கீரை விதை பொடி. பிள்ளை அள்ளிப் போட்டால் ஒரு மூலையில் காடு, மறு மூலையில் வெறும் மண். அரைத் தேக்கரண்டி விதையை இரண்டு பிடி காய்ந்த மணலோடு கலந்து, பாதியை நீளவாக்கிலும் பாதியைக் குறுக்கேயும் தூவச் சொல்லுங்கள். மேலே மெல்லிய மண் மூடினால் போதும். ஒரு விரல் ஆழத்தில் புதைத்தால் முளை மேலே வராது. விதைத்த அன்றே எறும்பு காவத் தொடங்கும். பாத்தி விளிம்பில் அரிசிக் குறுணலைச் சுற்றிவரத் தூவினால் எறும்பு அதோடு போய்விடும். முளைக்கும்வரை கிடுகு ஒன்றால் மூடி வைத்து, முளை கண்ட அன்றே எடுத்துவிடுங்கள். ஒரு நாள் பிந்தினால் நாற்று வெளிறி நீளும்.

பம்பிக் குழாயைப் பாத்திக்குள் திறந்து விடுவது இறைப்புப் பழகிய வீட்டாரின் பிழை. விதையெல்லாம் அடித்துக்கொண்டு போய் ஒரு கரையில் ஒதுங்கும். இந்த அளவுப் பாத்திக்கு நாளுக்கு நாலைந்து லீற்றர் வேண்டும். இரண்டு லீற்றர் பூவாளியால் காலை ஒன்று, பின்னேரம் ஒன்று, காற்றுக் கடுமையென்றால் இன்னும் ஒன்று. ஐந்து லீற்றர் வாளி ஐந்து கிலோ. ஆறு வயது முதுகுக்கு அது பாரம். தீவகத்திலும் கரையோரத்திலும் கோடையில் கிணறு உவர்க்கும். அங்கே தண்ணீரை இலையில் படாமல் அடியில் ஊற்றி, வைக்கோலோ வாழைச்சருகோ பரப்புங்கள். மண்மேல் வெள்ளை படிந்து இலை விளிம்பு கருகினால் உப்புக் கூடிவிட்டது.

கிணற்றில் தண்ணீர் அள்ளுவது பிள்ளையின் வேலை அல்ல. கட்டு எவ்வளவு உயரமென்றாலும் மேலே இரும்பு வலை வேண்டும். தொட்டியில் நிரப்பி வையுங்கள், பிள்ளை அதிலிருந்து கோலட்டும். அந்தத் தொட்டியையும் சாடிக்குக் கீழுள்ள தட்டுகளையும் கிழமைக்கு ஒருமுறை கவிழ்த்துத் தேய்க்காவிட்டால் டெங்கு நுளம்பு வளர்ப்பது நீங்கள்தான். சிரட்டையில் கன்று வளர்ப்பதென்றால் அடியில் துளை போடுங்கள்.

பத்தாம் நாள் ஐதாக்க வேண்டும். செடிக்குச் செடி இரண்டு மூன்று விரல் இடைவெளி. பிள்ளைக்குப் பிடுங்க மனம் வராது, நீங்களும் விட்டுவிடுவீர்கள், பாத்தி முழுவதும் நூலாக எழும்பி நிற்கும். பிடுங்கிய இளங்கீரையை அன்றே தேங்காய்ப்பூப் போட்டு வறுத்து வறை செய்து பிள்ளையின் கோப்பையில் வையுங்கள். அடுத்த முறை தானே பிடுங்கும்.

எருவில் கை வைத்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் வாயில் ஒன்றும் இல்லை. தோட்டத்துக்குள் வெறுங்கால் வேண்டாம். சுகாதாரப் பதிவேட்டை எடுத்து ஏற்புவலி ஊசி ஒழுங்காகப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விறகுக்கும் காவோலைக் குவியலுக்கும் கீழே கை விட வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்து மணற்பாங்கான இடங்களில் சுருட்டை விரியன் சாதாரணம். சின்னப் பாம்புதானே என்று கிட்டப் போவார்கள். அது சுருண்டு செதிலை உரசி இரைந்தால் கடிக்க ஆயத்தம் என்று அர்த்தம். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். அந்தக் கையில் காப்பு, நூல் இருந்தால் கழற்றி, அசையாமல் மட்டை வைத்துத் தூக்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு. இருட்டுமுன், ஆறே காலுக்குள் தண்ணீர் ஊற்றி முடிக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

ஆவணி லீவென்றால் நல்லூர்த் திருவிழாவும் வரும். 25 நாளும் பின்னேரப் பயிற்சி நடக்கும் என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டாதீர்கள். தேருக்கும் தீர்த்தத்துக்கும் விட்டுவிட்டு, அந்த நாட்களில் காலை நேரத்தை மட்டும் பிடியுங்கள். மண்ணில் நெடுநேரம் நடந்து வந்த கால் மறுநாள் உதைக்காது. அன்றைக்குக் கையசைவு மட்டும்.

பிழை செய்த பிள்ளைக்குத் தண்டனையாகப் புல் பிடுங்கவோ தண்டால் எடுக்கவோ சொல்லும் வீடுகளும் உண்டு. இரண்டு காரியத்தையும் ஒரே நாளில் வெறுக்க வைக்க வேறு வழி தேவையில்லை.

பள்ளிக்கூடம் தொடங்கும் கிழமையில் கீரை வெட்டும் பருவத்தில் நிற்கும். வேரோடு பிடுங்காமல் நிலத்திலிருந்து மூன்று விரல் விட்டு வெட்டி, அடியில் ஒரு பிடி எருவும் தண்ணீரும் கொடுத்தால் இரண்டு கிழமையில் மறுபடி துளிர்க்கும். காலையில் பள்ளிக்கூட அவசரத்தில் இரண்டு பூவாளி முடியாவிட்டால் பின்னேரம் ஒன்றை மட்டும் வைத்து, சருகை இன்னும் கொஞ்சம் தடிப்பாகப் பரப்பிவிடுங்கள்.