மெசின் மானியத்துக்கு ஃபோம் நிரப்ப முதல் ஏக்கரை எண்ணுங்கோ

போன காலபோகத்துக்கு (மாரி மழையில செய்யிற பெரிய நெற்போகம்) முதல் பக்கத்து வீட்டு அண்ணை ஒரு ஃபோமோட வந்து நிண்டார், அரைவாசி விலைக்கு மெசின் தருகினமாம், கையெழுத்துப் போடட்டோ எண்டு. என்ன மெசின் அண்ணை எண்டு கேட்டா அவருக்கே வடிவாத் தெரியேல்ல, "ஏதோ விதைக்கிறதாம்" எண்டார். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கனபேர் இப்பிடித்தான் மானியம் எடுக்கிறது, மெசினைப் பாத்து இல்லை, "அரைவாசி" எண்ட சொல்லைப் பாத்து. அதால நான் அலைஞ்சு படிச்சதை இதில எழுதுறன், ஃபோம் நிரப்பிறது கடைசி வேலை, முதல் வேலை கொப்பியில கணக்குப் போடுறது.

கணக்கு இதுதான். சும்மா ஒரு பேச்சுக்கு மெசின் 10 லட்சம் எண்டு வைப்பம், அரைவாசி மானியம், உங்கட கையால 5 லட்சம். அஞ்சு வருசம் உழைக்கும் எண்டா வருசத்துக்கு 1 லட்சம் அதிலயே போகுது, ஒயில், பெல்ட், பெயாரிங், வெல்டிங் எண்டு இன்னொரு 50 ஆயிரம் வையுங்கோ. டீசலும் ஓடுற பெடியன்ர கூலியும் போக ஏக்கருக்கு 5 ஆயிரம் மிஞ்சுது எண்டா, கைக்காசு கடிக்காமல் இருக்க வருசம் 30 ஏக்கர் ஓடோணும். மானியம் இல்லாமல் முழுக்காசும் போட்டு வாங்கினா 50 ஏக்கர். விலையையும் கூலியையும் உங்கட ஊர் விலைக்கு மாத்திப் போடுங்கோ. இப்ப உங்களிட்ட எத்தினை ஏக்கர்? மூண்டு ஏக்கர் காணி, ரெண்டு போகமும் செய்தாலும் ஆறு. அதிலயும் குளத்துத் தண்ணியில செய்யிற சிறுபோகத்தை நம்பேலாது, இரணைமடுவோ வவுனிக்குளமோ முத்தையன்கட்டோ, குளத்தில எவ்வளவு தண்ணி நிக்குதோ அதைப் பாத்துத்தான் கமக்காரர் கூட்டத்தில ஏக்கர் பிரிச்சுத் தருவினம், சில வருசம் உங்கட பங்கு அரை ஏக்கருக்கும் வராது. அப்ப மிச்ச 24 ஏக்கர் ஆற்ற வயல்? பேர் பேரா எழுதுங்கோ, எழுதேலாட்டி ஃபோமை மடிச்சு வையுங்கோ.

நாளையும் எண்ணோணும், இதைக் கனபேர் மறக்கிறது. விதைப்பு மழைக்கு முதல் கிடைக்கிற நாள் கொஞ்சம், எல்லாருக்கும் ஒரே கிழமையில உழவு வேணும், ஒரு மெசின் ஒரு நாளைக்கு நாலு ஏக்கர் ஓடுது எண்டா 30 ஏக்கருக்கு எட்டு நாள், அதுக்குள்ள ஒரு நாள் மழை, ஒரு நாள் பழுது. கடைசியா நிக்கிறவர் உங்களோட கோவிச்சுக்கொண்டு வேற ஆளைப் பிடிப்பார், அது நடக்கத்தான் நடக்கும்.

சரி, அரசாங்கக் காசில கமக்காரனுக்கு மெசின் வாங்கிக் குடுக்கிறது சரியோ பிழையோ எண்டு தேத்தண்ணிக் கடையில ஒரு சண்டை எப்பவும் இருக்கு. நான் குடுக்கோணும் எண்ட பக்கம்தான், ஆனா எல்லா மெசினுக்கும் இல்லை. எங்கட காணியில கனக்க பெர்மிட் காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில தந்தது, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ குடுத்தது, அதை வைச்சு வங்கியில லேசில லோன் எடுக்கேலாது, லீசிங் எண்டு போனா வட்டி கழுத்தைப் பிடிக்கும். அந்த ஆளுக்கு மானியம் வேணும்தான். அரசாங்கம் தாற பசளை மானியக் காசு ஹெக்டயருக்கு 15 ஆயிரமா இருந்து 2024 காலபோகத்தோட 25 ஆயிரமாச்சு, அது ரெண்டு ஹெக்டயர் வரைக்கும், வயல் செய்யிற எல்லாற்ற எக்கவுண்டுக்கும் வரும். மெசின் மானியம் அப்பிடி இல்லை, ஆருக்கு முதல் தகவல் தெரியுதோ அவருக்குத்தான், ஏற்கனவே ரெண்டு ட்ரக்டர் வைச்சிருக்கிறவர் மூண்டாவதுக்கு வரிசையில நிக்கிறதைக் கண்ணால கண்டிருக்கிறன். ட்ரக்டர் வாடகைக்குக் கிடைக்குது, வெட்டு மெசினும் அரிவு வெட்டுக் காலத்தில தெக்கில இருந்து லொறியில ஏத்தி வருகினம், அதுக்குப் பொதுக்காசு போடத் தேவையில்லை எண்டது என்ர எண்ணம்.

அப்ப எதுக்குக் கேக்கலாம்? ஊரில ஒருத்தரும் தனிக் காசில வாங்காததுக்குக் கேளுங்கோ. நெல் காயவைக்கிற மெசினை எடுங்கோ. கையால வெட்டி சூடு (கதிர்க் குவியல்) வைச்ச காலத்தில நெல் சூட்டிலயே கொஞ்சம் காஞ்சிடும், இப்ப வெட்டு மெசின் காலமை வெட்டினா மத்தியானம் ஈர நெல் கையில. தறப்பாளும் றோட்டும்தான் களம், மாசி மழை பெய்தா அள்ளிக்கொண்டு ஓடோணும். 2025 பெப்ரவரியில அரசாங்கம் நெல்லுக்குக் கிலோ நாடு ரகம் 120 ரூபா, சம்பா 125, கீரிச் சம்பா 132 எண்டு விலை சொன்னது, அது ஈரப்பதம் 14 வீத நெல்லுக்கு. உங்கட நெல் 23 வீதத்தில நிண்டா 1000 கிலோ காஞ்சு வரேக்க 895 கிலோதான், அதால வியாபாரி கழிக்கிறதில ஒரு நியாயம் இருக்கு, ஆனா அவர் கழிக்கிறது அந்தக் கணக்கிலயோ எண்டு ஆருக்குத் தெரியும், ஈரம் பாக்கிற மீற்றரே எங்களிட்ட இல்லை. ஒரு கமக்காரர் அமைப்புக்கு ஒரு ட்ரையரும் ரெண்டு மீற்றரும் கேட்டீங்கள் எண்டா, பொதுக்காசு ஏன் வேணும் எண்டதுக்கு வேற காரணம் எழுதத் தேவையில்லை. வரிசையா நெல் விதைக்கிற கருவி, களை எடுக்கிற மெசின் எல்லாம் இந்த வகைதான்.

கூட்டாக் கேக்கிறதில ஒரு ஆபத்து இருக்கு, சொல்லாமல் விடக்கூடாது. போர் முடிஞ்ச கையோட இந்தியா வட மாகாணத்துக்கு 500 ட்ரக்டர் குடுத்தது, கமநல சேவை நிலையங்களுக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும், அது வந்த நேரம் உழ மாடும் இல்லை ஒண்டும் இல்லை, பெரிய உதவி. ஆனா பொதுச் சாமான் எண்டா ஆர் ஒயில் மாத்திறது? நான் இருந்த ஒரு அமைப்புக்குப் பேந்து ஒரு திட்டத்தில வந்த உழவு மெசின் ரெண்டு போகம் நல்லா ஓடிச்சு, மூண்டாம் போகம் பற்றரி இறங்கி வேப்பமரத்துக்குக் கீழ நிண்டது, பற்றரிக்கு ஆர் காசு போடுறது எண்டு மூண்டு கூட்டம் வைச்சம், முடிவில்லை, கடைசியில கோழி அடை வைச்சது அதிலதான். அதால மெசின் வர முதலே எழுதி வையுங்கோ: ஓடுறது ஒரே ஆள், அவருக்கு மணித்தியாலக் கூலி, வாடகையில ஏக்கருக்கு இவ்வளவு பழுதுக் கணக்குக்கு எண்டு தனி பாங்க் புத்தகம், தலைவர் வயலுக்கு முதல்ல எண்ட கதை இல்லை, வரிசை நம்பர்தான். காசு கட்டாமல் உறவுக்காரருக்கு ஓடினா அடுத்த போகம் அவருக்கு மெசின் இல்லை எண்டும் போடுங்கோ, கோவிப்பினம், பறவாயில்லை.

இனி ஃபோம். முதல்ல போறது உங்கட கமநல சேவை நிலையம், அங்க உங்கட வயல் பதிவில இருக்கோ, ஏக்கர் வரி கட்டியிருக்கோ எண்டு பாருங்கோ, அப்பா பேரில இருக்கிற காணியெண்டா இங்கதான் மாட்டுப்படும், போகம் தொடங்க முதலே சரிப்படுத்துங்கோ. மாகாண விவசாயத் திணைக்களத்தின்ர போதனாசிரியரையும் கேளுங்கோ, சில திட்டம் அவைக்கு ஊடாகத்தான் வரும், சிலது வெளிநாட்டுக் காசு, உலக வங்கிக் காசில 2016இல வந்த விவசாய நவீனமயமாக்கல் திட்டம் மாதிரி, அதில நாங்களும் ஒரு பங்கு போட்டால்தான் அவை ஒரு பங்கு போட்டவை. ஒவ்வொண்டுக்கும் நிபந்தனை வேற, ஆனா அடையாள அட்டை, பெர்மிட் கொப்பி, விதானையாற்ற கடிதம், பாங்க் புத்தகக் கொப்பி, அமைப்பின்ர சிபாரிசு, மூண்டு கடை கொட்டேசன், இவ்வளவையும் ஒரு ஃபைலில வைச்சிருந்தா அரைவாசி அலைச்சல் மிச்சம். எதைக் குடுத்தாலும் கொப்பி எடுத்து, குடுத்த திகதியைப் பின்பக்கம் எழுதி வையுங்கோ. என்ர ஃபைல் ஒருக்கா ஒரு கந்தோரில துலைஞ்சு போச்சு, "நீங்கள் தரவேயில்லை" எண்டிச்சினம், அண்டைக்குக் கொப்பியும் இல்லை திகதியும் இல்லை, பேசாமல் வீட்ட வந்தன்.

கொட்டேசனில ரெண்டு விசயம். வற் வரி சேர்த்தோ சேர்க்காமலோ எண்டு கட்டாயம் கேளுங்கோ, 2024 ஜனவரியில இருந்து 18 வீதம், சேர்க்காத விலையைப் பாத்துச் சந்தோசப்பட்டுப் பிறகு முழிக்கக் கூடாது. அடுத்தது உதிரிப்பாகம், கிளிநொச்சியிலயோ வவுனியாவிலயோ கிடைக்குமோ, கொழும்புக்குப் போகோணுமோ. மகா இலுப்பள்ளமையில இருக்கிற பண்ணை இயந்திர ஆராய்ச்சி நிலையம் அந்த மொடலைச் சோதிச்சுப் பாத்திருக்கோ எண்டும் கடைக்காரரிட்டக் கேளுங்கோ, முகத்தைப் பாத்தாத் தெரிஞ்சிடும்.

ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்க முதல் இன்னும் மூண்டு கேள்வி: மானியக் காசு கடைக்கு நேர போகுதோ, நாங்கள் முழுக்கக் கட்டிப்போட்டுப் பில் குடுத்துப் பிறகு எடுக்கோணுமோ (பிறகு எண்டா எத்தினை மாசம்), எத்தினை வருசத்துக்கு விக்கக்கூடாது, விலை இடையில ஏறினா வித்தியாசம் ஆற்ற தலையில. கடைசிக் கேள்விக்கு எழுத்தில பதில் கேளுங்கோ, 2022 பொருளாதார நெருக்கடியில கொட்டேசன் எடுத்த கிழமைக்கும் வாங்கப் போன கிழமைக்கும் இடையில விலை எங்க போச்சு எண்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

மெசின் வாற அண்டைக்கு கந்தோர் வாசலில மாலை போட்டு ஃபோட்டோ எடுப்பினம், எடுக்கட்டும். ஆனா பொறுப்பெடுத்ததா கையெழுத்து வைக்கிறது உங்கட வயலில, சேத்துக்க இறக்கி அரை மணித்தியாலம் ஓடிப் பாத்த பிறகுதான். சாவி ரெண்டு, பாகப் புத்தகம், உத்தரவாத அட்டையில திகதியும் கடை சீலும் அடிச்சிருக்கோ எண்டு பாருங்கோ, எஞ்சின் நம்பரைப் பில்லில இருக்கிறதோட ஒப்பிட்டுப் பாருங்கோ. பக்கத்து வீட்டு அண்ணை கணக்குப் போட்டுப் பாத்திட்டு ஃபோமைக் குடுக்கேல்ல, இந்த முறை எட்டுப் பேரா ட்ரையருக்குக் கேக்கப் போறம், பழுதுக் கணக்குக்கு ஆளுக்கு 2 ஆயிரம் இப்பவே போட்டாச்சு.