லைனை நெருக்கினால் லைன்பேக்கரை விரித்து நிறுத்துங்கள்

மேடன் என்ற அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேமில் டிஃபென்ஸ் ஆடும்போது பலரும் பிளேயைத் (ஆட்டத் திட்டத்தைத்) தேர்ந்தெடுத்ததும் ஸ்னாப்புக்காக, அதாவது எதிரணி பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவதற்காகக் காத்திருக்கிறார்கள். எனக்கு டிஃபென்ஸே அந்த இடைவெளியில்தான் தொடங்குகிறது.

சனிக்கிழமை இரவு என்னோடு ஆடும் நண்பன் எப்போதும் ரேவன்ஸ் அணியைத்தான் எடுப்பான். பந்தை வாங்கி ஓடும் டெரிக் ஹென்றி நடுவில் முட்டித் தள்ளுவார். அவருக்காக எல்லாரையும் உள்ளே இழுத்தால், குவார்ட்டர்பேக் (பாஸ் வீசி ஆட்டத்தை நடத்துபவர்) லமார் ஜாக்சன் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓரமாகப் பறந்துவிடுவார். இந்த இருவரிடம் அடி வாங்கித்தான் நான் கற்றுக்கொண்டேன்.

கன்ட்ரோலரில் டி-பேடில் (திசைப் பொத்தானில்) இடது பக்கம் அழுத்தினால் டிஃபென்சிவ் லைனுக்கான (முன்வரிசை) மெனு, வலது பக்கம் அழுத்தினால் அவர்களுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களுக்கான மெனு. மெனு திறந்ததும் இடது ஸ்டிக்கைக் கீழே இழுத்தால் ஆட்கள் நெருங்குவார்கள், அது பிஞ்ச். மேலே தள்ளினால் விரிவார்கள், அது ஸ்ப்ரெட். பக்கவாட்டில் தள்ளினால் அந்தப் பக்கம் நகர்வார்கள்.

மூன்றாவது டவுன் (முயற்சி), எதிரணிக்கு 2 யார்டு வேண்டும், ஹென்றி பின்னால் நிற்கிறார். லைனைப் பிஞ்ச் செய்கிறேன். எதிரணி முன்வரிசையின் நடு ஆளான சென்டருக்கும் பக்கத்து ஆளான கார்டுக்கும் நடுவே இருக்கும் ஏ கேப் அடைபடுகிறது, ஆனால் ஓரத்து ஆளான டேக்கிளுக்கு வெளியே வழி திறந்துகொள்கிறது. அதனால் உடனே லைன்பேக்கர்களை ஸ்ப்ரெட் செய்கிறேன். ஓரத்தில் ஓட்டம் வரும் என்று தோன்றினால் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: லைன் விரியட்டும், லைன்பேக்கர்கள் உள்ளே நெருங்கட்டும். இரண்டையும் ஒரே பக்கம் இழுக்காதீர்கள். லைன் விட்ட இடைவெளியை லைன்பேக்கர்தான் அடைக்க வேண்டும்.

இதில் நேரம் முக்கியம். முதல் சில வாரங்கள் நான் அவசரப்பட்டு முன்கூட்டியே நெருக்கிவிடுவேன். நண்பன் அதைப் பார்த்துவிட்டு ஆடிபிள் செய்து, அதாவது ஸ்னாப்புக்கு முன் பிளேயையே வெளிப்பக்க ஓட்டத்துக்கு மாற்றிவிடுவான். இப்போது அவன் தன் ஆட்களை நிறுத்தி முடிக்கும்வரை பொறுத்திருக்கிறேன். இல்லையென்றால் க்ராஷ் கொடுக்கிறேன். அதில் ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள், ஸ்னாப்புக்குப் பிறகுதான் சொன்ன திசையில் பாய்வார்கள். முன்கூட்டிப் படிக்க அவனுக்கு எதுவும் இருக்காது.

சரி, லமாருக்கு என்ன வழி? லைன் மெனுவில் கன்டெய்ன் இருக்கிறது. ஓரத்து ஆட்கள் உள்ளே பாயாமல் வெளிப்பக்கத்தைக் காப்பார்கள். அப்புறம் ஒரு லைன்பேக்கரை ஸ்பையாக வைக்கலாம், அவர் குவார்ட்டர்பேக்கை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார். இரண்டுக்கும் விலை உண்டு. கன்டெய்ன் கொடுத்தால் அழுத்தம் குறைந்து, பாஸ் போட அவருக்கு நேரம் கிடைக்கும். ஸ்பை வைத்தால் பாஸைத் தடுக்கும் கவரேஜில் ஓர் ஆள் குறைவார், பாஸ் பிடிக்கும் டைட் எண்ட் நடுவில் தடுக்க ஆளில்லாமல் நிற்பார். நான் மூன்றாவது டவுனில் தூரம் அதிகமாக இருக்கும்போது மட்டும் கன்டெய்ன் கொடுக்கிறேன். நின்ற இடத்திலிருந்தே வீசும் குவார்ட்டர்பேக்குக்கு இரண்டுமே வேண்டாம்.

பிராக்டிஸ் மோடில் எதிரணிக்கு ஒரே இன்சைட் ஓட்டத்தைக் கொடுத்துப் பத்து முறை தடுத்துப் பாருங்கள். இடது, கீழே, வலது, மேலே. திரையைப் பார்க்காமல் விரல் போகிற அளவுக்கு வந்ததும் ஆன்லைனில் ஆடுங்கள்.