பாயின்ட் 22 ரைஃபிளில் தோட்டா சிக்கினால்: முதலில் நின்ற இடத்தைப் பாருங்கள்

தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட்டைத் தள்ளுகிறீர்கள், பாதியில் நிற்கிறது. உடனே கை இன்னும் கொஞ்சம் அழுத்தப் பார்க்கும். அதை மட்டும் செய்யாதீர்கள். பாயின்ட் 22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் கலவை அடி விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. விளிம்பு நசுங்கினால், போல்ட் பூட்டும் முன்பே வெடித்துவிடலாம்.

குழல் இலக்கைப் பார்த்தே இருக்கட்டும். விரல் ட்ரிகரில் வேண்டாம். தோட்டா எங்கே நின்றது என்று பார்த்துக்கொண்டு, தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியான மேகசினைக் கழற்றி, போல்ட்டை மெதுவாகப் பின்னால் இழுங்கள். தோட்டா வரவில்லையா? குத்தி எடுக்க முயல வேண்டாம், ரேஞ்ச் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

தோட்டா மேகசினை விட்டே கிளம்பவில்லை என்றால், பெரும்பாலும் குற்றம் நம் கையில்தான். போல்ட்டைக் கடைசிவரை பின்னால் இழுக்காவிட்டால், அதன் முகம் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போவதில்லை. மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். இழுப்பு சரி என்றால் மேகசின் 'க்ளிக்' என்று பூட்டியதா, உள்ளே தூசி படிந்து ஸ்பிரிங் மந்தமாகிவிட்டதா என்று பாருங்கள்.

தோட்டாவின் மூக்கு இடித்து நின்றால், அந்தத் தோட்டாவையே கையில் எடுத்துப் பாருங்கள். ஈயம் மென்மையானது, எங்கே இடித்ததோ அங்கே கீறல் சாட்சி சொல்லும். எப்போதும் ஒரே பக்கம் கீறல் என்றால், மேகசின் வாயின் உதடு வளைந்திருக்கலாம். குறடு எடுத்து நிமிர்த்தக் கிளம்பாதீர்கள். வேறு மேகசின் போட்டுப் பாருங்கள். இரண்டு மேகசின் வைத்திருப்பவர்கள் பெயின்ட்டால் 1, 2 என்று எண் போட்டுக்கொண்டால், குற்றவாளி ஒரே நாளில் பிடிபடும்.

தோட்டா உள்ளே போயும் போல்ட் மூடவில்லை என்றால், அது உட்காரும் குழலின் பின்பகுதியான சேம்பரில் அழுக்கு. பாயின்ட் 22 லாங் ரைஃபிள் என்னும் தோட்டா வகையில் முனையிலுள்ள ஈயக் குண்டும் பித்தளைக் கூடும் ஏறக்குறைய ஒரே பருமன். மெழுகோ கிரீஸோ குண்டின் வெளிப்புறத்திலேயே பூசப்பட்டிருக்கும். அது கரியோடு கலந்து சேம்பர் முனையில் வளையமாக இறுகும். நீளம் குறைந்த 22 ஷார்ட் தோட்டாக்களை அதே ரைஃபிளில் நிறைய சுட்டிருந்தால் வளையம் சீக்கிரமே வரும். ரைஃபிள் காலி என்று உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றி, சால்வென்ட் நனைத்த பிரஷ்ஷைப் பின்பக்கமாக விட்டுச் சுழற்றி, துணியால் துடையுங்கள். போட்டி ரைஃபிள்களில் சேம்பர் இறுக்கமாகவே கடைந்திருப்பார்கள். கடைசியில் லேசான எதிர்ப்பு இருந்தால் அது கோளாறு அல்ல.

சுத்தம் செய்தும் சிக்குகிறதா? காலியாக ட்ரிகர் அழுத்திப் பழகிய ரைஃபிளாக இருக்கலாம். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பில் அடித்துப் பிசிறு எழுப்பியிருக்கும். அதைச் சரிசெய்வது துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்தின் வேலை.

வீட்டில் சோதிக்க நிஜத் தோட்டா கூடவே கூடாது. மேகசினில் டம்மி தோட்டாக்களை நிரப்பி போல்ட்டை இயக்குங்கள். மெதுவாக அல்ல, ரேஞ்சில் இயக்கும் அதே வேகத்தில்.