வாங்கிய கையோடு பழுது காட்டும் பழைய கார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கார் வாங்கிய சில நாட்களிலேயே பழுது தலைகாட்டினால் முதலில் வருவது பதற்றம். ஏமாந்துவிட்டோமோ என்ற எண்ணம் வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. தெரிந்தவருக்குப் போன் போட்டு, அவர் சொன்ன சென்சாரை வாங்கி மாட்டி, அப்படியும் அணையாத விளக்கை பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டி அணைப்போம். இரண்டு நாள் கழித்து அதே விளக்கு திரும்ப எரியும். அதற்குள் அந்தப் பழுது எதனால் வந்தது என்பதற்கான தடயம் பாதி அழிந்திருக்கும்.

பல வருடம் நாமே ஓட்டிய கார் என்றால் அதன் கதை நமக்குத் தெரியும். புதிதாகக் கைக்கு வந்த காரில் முந்தைய ஓனர் எந்த ஆயில் ஊற்றினார், எதை மாற்றினார், எதைத் தள்ளிப் போட்டார் என்று எதுவும் தெரியாது. அதனால் கண்டுபிடிப்பது முதலில், கழற்றுவது அப்புறம். இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பல, இந்த வரிசை மாறுவதால் வருபவைதான்.

நிறுத்தியே ஆக வேண்டிய நேரத்தில் ஓட்டுவது

பொறுமையாகப் பார்க்கலாம் என்பது எல்லாப் பழுதுக்கும் பொருந்தாது. சிவப்பு நிற ஆயில் விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி உடனே என்ஜினை அணைத்துவிட வேண்டும். அந்த விளக்கு பெரும்பாலான கார்களில் ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுகிறது. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து, 'ஆயில் இருக்கிறதே' என்று கிளம்பிவிடுபவர்கள் உண்டு. ஆயில் நிறைய இருந்தும் பம்ப் தேய்ந்திருக்கலாம், ஆயிலை உறிஞ்சும் வலை கசடால் அடைத்திருக்கலாம். அழுத்தம் இல்லாவிட்டால் பேரிங்குகள் உலோகத்தோடு உலோகமாக உரசும். என்ஜின் பாழாவதற்குச் சில நிமிடங்கள் போதும்.

சூடு காட்டும் முள் மேலே ஏறினாலும் இதேதான். பாதுகாப்பாக நிறுத்த இடம் கிடைக்கும் வரை ஏசியை அணைத்துவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேனை வேகமாக ஓடவிடுங்கள். என்ஜினின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். நிறுத்திய பிறகு ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். உள்ளே இருக்கும் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்து அழுத்தம் இறங்கிய நொடியே கொதித்து முகத்தில் பீய்ச்சும். முழுவதும் ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று ஓட்டும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் அலுமினிய சிலிண்டர் ஹெட் கோணிப்போகிறது, அதற்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போகிறது. ஒரு ஹோஸ் பைப்போடு முடிந்திருக்க வேண்டிய வேலை என்ஜினைப் பிரிக்கும் வேலையாகிவிடுகிறது.

செக் என்ஜின் விளக்கைப் பொறுத்தவரை, அது நிலையாக எரிகிறதா, விட்டுவிட்டு மின்னுகிறதா என்று பாருங்கள். நிலையாக எரிந்து, கார் வழக்கம்போல் ஓடினால் மெதுவாக ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். மின்னினால் ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் புகைபோக்கி வழியாகப் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே இறங்கினால் அந்தக் காரைத் தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோதான் போக வேண்டும்.

விளக்கை அணைக்க அவசரப்படுவது

என் பார்வையில் அதிகம் நடப்பதும், அதிகம் இழக்க வைப்பதும் இந்தத் தவறுதான். ஓபிடி எனப்படும் கண்டறியும் முறை அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலும், ஐரோப்பாவில் 2001 முதல் பெட்ரோல் கார்களிலும் கட்டாயமானது. இன்று சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே எங்காவது அதன் சாக்கெட் இருக்கும். சாதாரண ஸ்கேனரைச் சொருகினாலே பழுதின் குறியீடு தெரிந்துவிடும். ஆனால் அங்கே இருப்பது குறியீடு மட்டுமில்லை. பழுது பதிவான அந்தக் கணத்தில் என்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் சுற்றியது, கூலன்ட் எவ்வளவு சூடாக இருந்தது, கார் என்ன வேகத்தில் போனது என்று ஒரு பதிவும் கூடவே சேமிக்கப்படுகிறது. இதை ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கூலன்ட் 20 டிகிரியில் இருந்தபோது வந்த பழுதும், 95 டிகிரியில் நெடுஞ்சாலை வேகத்தில் வந்த பழுதும் ஒரே குறியீட்டைக் காட்டலாம். தேட வேண்டிய இடங்கள் வேறு வேறு.

குறியீட்டை அழித்தால் இந்தப் பதிவும் போய்விடும். பேட்டரி ஒயரைக் கழற்றினால் பல கார்களில் அதுவும் அழிப்பதற்குச் சமம்தான். ஆகவே எதைத் தொடுவதற்கும் முன்னால் ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஸ்கேனரில் இன்னொரு பக்கத்தையும் பார்க்கலாம். கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சில சோதனைகள் உண்டு. அவை முடிந்தனவா இல்லையா என்பதை 'ரெடினஸ்' என்று காட்டும். குறியீட்டை அழித்தால் இவையும் முதலில் இருந்து தொடங்கும். பல நாள், பலவிதமாக ஓட்டினால்தான் ஒவ்வொன்றாக முடியும். நேற்று வாங்கிய காரில் பாதிக்கு மேல் முடியாமல் இருந்தால், யாரோ சமீபத்தில் குறியீட்டை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். அதை மட்டும் வைத்து விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று கிடைத்துவிடுகிறது.

குறியீட்டைப் பொருளின் பெயராகப் படிப்பது

ஸ்கேனரில் பி0171 என்ற குறியீடு வந்தால் அதன் அர்த்தம், எரிபொருளுக்குக் காற்று அதிகமாக இருக்கிறது என்பது மட்டுமே. ஆக்சிஜன் சென்சாரை மாற்று என்று அது சொல்லவில்லை. அந்தச் சென்சார் பல சமயம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். விரிசல் விட்ட வேக்குவம் ஹோஸ், அழுக்கேறிய காற்று அளவிடும் சென்சார், பலவீனமான எரிபொருள் பம்ப் என்று காரணம் வேறெங்காவது இருக்கலாம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவு என்று சொல்லும் பி0420 வந்ததும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றச் சொன்னாலும் கொஞ்சம் நில்லுங்கள். சைலன்சர் குழாயில் ஒழுகல் இருக்கிறதா, என்ஜின் மிஸ் ஆகிறதா (ஏதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போகிறதா) என்று பார்த்த பிறகுதான் அந்தச் செலவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

யூகத்தில் மாற்றாமல் எப்படிச் சோதிப்பது? பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ் ஆகிறது. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் சிலிண்டருக்கு ஒன்று என்ற அமைப்புள்ள கார் என்றால், முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதின் காயிலை முதலாவதில் மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். அடுத்து பி0303 என்று வந்தால் பழுது காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது, குற்றவாளி அதுதான். குறியீடு அசையாமல் பி0301 என்றே வந்தால் காயிலை விட்டுவிட்டு ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று போக வேண்டும். புதுப் பொருள் எதுவும் வாங்காமலேயே கிடைக்கும் பதில் இது.

சம்பந்தமே இல்லாத நாலைந்து விளக்குகள் ஒன்றாக எரிந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். என்ஜின் அணைந்து சில மணி நேரம் ஆன நிலையில் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.7 வரை இருக்கும். மின்னழுத்தம் இறங்கினாலோ எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தாலோ, நன்றாக இருக்கும் கம்ப்யூட்டர்கள்கூடத் தாறுமாறாகப் புகார் சொல்லும்.

மெக்கானிக்கிடம் முடிவைச் சொல்வது

'பிரேக் பேட் மாத்திடுங்க' என்று சொன்னால் அவர் மாற்றித் தருவார். நீங்கள் கேட்டது நடந்தது, பழுது மட்டும் அப்படியே இருக்கும். முடிவைச் சொல்லாமல் அறிகுறியைச் சொல்லுங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் நடுங்குகிறதா? டிஸ்கைப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் நடுங்கி, அதைத் தாண்டினால் அடங்குகிறதா? வீல் பேலன்சிங்காக இருக்க வாய்ப்பு அதிகம். ஹூம் என்ற சத்தம் வளைவில் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிக் கிளம்பும்போது டக் டக் என்றால் ஆக்ஸில் ஜாயின்ட். எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்ற இரண்டையும் குறித்துக்கொண்டு போனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். எப்போதாவது மட்டும் வரும் சத்தத்தை, பக்கத்தில் இருப்பவரை விட்டு மொபைலில் பதிவு செய்யச் சொல்லுங்கள். முடிந்தால் மெக்கானிக்கையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள்.

அப்புறம், சூடான காரைக் கொண்டுபோய் நிறுத்தி 'காலையில் சத்தம் வருகிறது' என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு இரவு அங்கேயே விட்டுவிட்டு வருவது நல்லது. ராத்திரி முழுக்க ஆறிய என்ஜின் காலையில் முதல்முறை ஸ்டார்ட் ஆகும் அந்த அரை நிமிடம் நிறையச் சொல்லும். நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல் வழியாக ஆயில் இறங்கியிருக்கிறது. கலகலவென்று ஒரு சத்தம் வந்து அடங்கினால் டைமிங் செயின் டென்ஷனர் மீது சந்தேகம். இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது.

ஒழுகலுக்கும் ஒரு எளிய வழி உண்டு. இரவில் வண்டிக்கு அடியில் வெளிர் நிற அட்டையை விரித்து வையுங்கள். நிறமில்லாத தண்ணீர் என்றால் ஏசியில் இருந்து வடிந்தது, பழுதே இல்லை. பழுப்பு அல்லது கருப்பு என்றால் என்ஜின் ஆயிலாக இருக்கலாம். சிவப்பு என்றால் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ நினைக்கலாம். பச்சை, ரோஸ், ஆரஞ்சு நிறத்தில் வழவழவென்று இருந்தால் பெரும்பாலும் கூலன்ட். சக்கரத்துக்குப் பக்கத்தில் மங்கிய மஞ்சளாக எண்ணெய்போல் இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம், அதற்குத் தாமதமே கூடாது.

பாட்டிலில் விற்கும் தீர்வுகள்

ரேடியேட்டர் ஒழுகலை அடைக்கும் திரவம் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை. ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடக்கூடும். சத்தத்தை மறைக்க கெட்டியான ஆயிலை ஊற்றுவதும் அப்படித்தான். நிறத்தைப் பார்த்து கூலன்ட் ஊற்றாதீர்கள். நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது, சேராத இரண்டு வகைகள் கலந்தால் கசடாகிவிடும். சிவிடி என்ற ஒருவகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு அதற்கென்றே சொன்ன ஆயில்தான். பிரேக் ஆயில் தொட்டியில் என்ஜின் ஆயில் தவறிப்போய் ஊற்றப்பட்டால் ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும். எதை ஊற்றுவது என்பதற்கு ஓனர் மேனுவலைத் தவிர வேறு யாரையும் நம்பாதீர்கள்.

'முந்தைய ஓனர் மாத்தியிருப்பார்' என்று, வால்வுகளைப் பிஸ்டனோடு சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டை விட்டுவிடுவதும் ஆபத்து. பெல்ட் உள்ள என்ஜினில் அதை மாற்றியதற்கு ரசீது இல்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல என்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். கிலோமீட்டர் கணக்கோடு வருடக் கணக்கும் இதற்கு உண்டு. குறைவாக ஓடிய கார் என்பதற்காகப் பெல்ட் முதுமையடையாமல் இருக்காது.

விற்றவரிடம் சொல்வதற்கு முன்பே பிரித்துவிடுவது

வாரண்டி இருந்தால் அதன் தாளை எடுத்து முதலில் வாசியுங்கள். எங்கே பழுது பார்க்க வேண்டும், முன் அனுமதி வேண்டுமா என்றெல்லாம் அதில் இருக்கும். வெளியே எங்காவது என்ஜினைப் பிரித்துவிட்டால் அந்த வாரண்டியே செல்லாமல் போகலாம். வாரண்டி இல்லாவிட்டாலும், வியாபாரியிடம் வாங்கியதா தனிநபரிடம் வாங்கியதா என்பதைப் பொறுத்து நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், காலக்கெடுவும் மாறும். எங்கே இருந்தாலும் செய்யக்கூடியது இதுதான்: பழுது தெரிந்த அன்றே, தேதி, ஓடோமீட்டர் அளவு, அறிகுறி ஆகியவற்றோடு விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். போனில் பேசினால்கூட, பேசியதைச் சுருக்கமாக எழுதி அனுப்புங்கள். விற்றவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காரைக் காட்டி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். கழற்றிய பழைய பொருட்களைத் தூக்கிப் போட விடாதீர்கள்.

சேசிஸ் எண்ணை வைத்து ரீகால் இருக்கிறதா என்றும் பாருங்கள். தயாரிப்பில் நேர்ந்த குறை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு திரும்ப அழைத்த கார் என்றால், நீங்கள் எத்தனையாவது ஓனராக இருந்தாலும் பொதுவாக இலவசமாகவே சரிசெய்து தருவார்கள். டக்காட்டா நிறுவனத்தின், ஏர்பேக்கை ஊதி விரிக்கும் இன்ஃப்ளேட்டர்கள் இதற்குப் பெரிய உதாரணம். வெப்பத்திலும் ஈரத்திலும் அவற்றின் வெடிமருந்து கெட்டுப்போய், விபத்தின்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தன. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான இன்ஃப்ளேட்டர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அவற்றில் மாற்றப்படாத ஒன்று பழைய காரில் இன்னும் உட்கார்ந்திருக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்வது

ஐந்து வேலையை ஒன்றாகச் செய்தால் எது பழுதைத் தீர்த்தது என்று தெரியாது. புதிதாக ஒரு சத்தம் வந்தால் எது அதைக் கொண்டுவந்தது என்றும் தெரியாது. பிரேக், ஸ்டீயரிங், டயர் முதலில். டயரின் பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ நன்றாக இருந்தும் ரப்பர் கிழடாகியிருப்பது குறைவாக ஓடிய கார்களில் சகஜம். அடுத்தது என்ஜினைக் கொல்லக்கூடியவை: ஆயில், கூலன்ட், பெல்ட். பவர் விண்டோவும் ஆடியோவும் காத்திருக்கும்.

வேலை முடிந்து காரை எடுக்கும்போது, பழுது எந்தச் சூழலில் வந்ததோ அதே சூழலில் ஓட்டிப் பாருங்கள். ஏற்றத்தில் வந்த பழுதைத் தட்டையான தெருவில் சோதித்துப் பயனில்லை. மெக்கானிக் குறியீட்டை அழித்துத்தான் தந்திருப்பார், எனவே விளக்கு எரியாதது மட்டும் ஆதாரம் இல்லை. சில நாள் ஓட்டி, ரெடினஸ் சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு மறுபடி ஸ்கேனரைச் சொருகுங்கள். அப்போதும் குறியீடு வரவில்லை என்றால் அடுத்த வேலைக்குப் போகலாம்.