உடைந்த வார்ப்பிரும்புக்குப் பித்தளை வெல்டிங்

பொள்ளாச்சியில் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வைத்திருந்த பட்டை ரம்பத்தை (பேண்ட் சா) கோவைக்கு ஏற்றி வந்தபோது கயிறு நழுவியது. மேசைக்கு அடியில் இருக்கும் அரைவட்டத் தாங்கி இரண்டாகப் பிளந்துவிட்டது. அவ்வளவு பழைய ரம்பத்துக்கு உதிரி பாகம் எங்கே தேடுவது? முதலில் கொண்டுபோன பட்டறையில் சாதாரண வெல்டிங் ராடால் ஒட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வருவதற்குள் ஒட்டின் ஓரத்திலேயே விரிசல் விட்டது.

வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கரி இருக்கிறது. சாதாரண ராடில் ஒட்டும்போது ஓரம் உருகி, சட்டென்று குளிர்ந்து, கண்ணாடி போல இறுகிவிடும். ஆறும்போது ஏற்படும் இழுவையை அது தாங்காது. பித்தளைக் கம்பி சுமார் 900 டிகிரியில் உருகுகிறது. இரும்பு அப்போது உருகுவதே இல்லை. நிக்கல் ராடும் நல்லதுதான், ஆனால் இந்தத் தாங்கிக்கு நான் பித்தளையையே நம்பினேன்.

பழைய ஒட்டு முழுவதையும் கிரைண்டரால் எடுத்துவிடுங்கள். துளியும் மிஞ்சக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்க மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தேயுங்கள். விரிசல் இருக்கும் இடத்தில் ஈரக்கோடு எழும். அதன் முனையில் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் விரிசல் மேற்கொண்டு ஓடாது. உடைந்த விளிம்புகளை 'வி' வடிவில் சாய்த்து, கடைசியாக அரத்தால் ராவ வேண்டும். இதை விடாதீர்கள். கிரைண்டர் கரியை மேற்பரப்பில் பூசிவிடும். அதன்மேல் பித்தளை பரவாமல் உருண்டு ஓடும்.

பல வருடம் எண்ணெய் குடித்த இரும்பு அது. மண்ணெண்ணெய் முழுக்கக் காய்ந்த பிறகு, புகை நிற்கும்வரை மெல்ல வாட்டுங்கள். இரண்டு துண்டுகளையும் ஒரு தட்டையான பட்டையில் போல்ட் போட்டு இறுக்கினால் கோணம் மாறாது.

பிறகு கோவை கணபதி பகுதியில் எனக்குத் தெரிந்த கேஸ் வெல்டர் அண்ணாவிடம் கொண்டுபோனேன். அவர் ஒட்டுமிடத்தை மட்டும் சூடாக்காமல் தாங்கி முழுவதையும் மங்கிய சிவப்பு வரும்வரை பொறுமையாகச் சூடேற்றினார். பித்தளை நன்றாகப் பிடிக்க வெண்காரம் (போராக்ஸ்) தூவி, முதலில் மெல்லிய பூச்சாகப் பித்தளையைப் பரவவிட்டு, பிறகுதான் பள்ளத்தை நிரப்பினார். துத்தநாகப் புகை கெடுதி. திறந்த வெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று செய்யுங்கள்.

சூட்டோடு சூடாகத் தாங்கியைக் காய்ந்த தேங்காய் மட்டைச் சாம்பலுக்குள் புதைத்தோம். மறுநாள் காலைவரை யாரையும் தொடவிடவில்லை. தண்ணீரோ காற்றாடியோ பட்டால் அத்தனை உழைப்பும் வீண். ஆறியபின் மறுபடியும் சாக்பீஸ் சோதனை. பிறகு அரத்தால் சமன்செய்து, மேசையை மாட்டி, பிளேடுக்கும் மேசைக்கும் மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் காகிதத் தடிமன் இடைவெளி இருந்தது. மெல்லிய தகடு செருகினேன், சரியாகிவிட்டது.

பிளேடு ஓடும் சக்கரங்களில் விரிசல் கண்டால் மட்டும் எந்த ஒட்டும் வேண்டாம். வேகத்தில் சிதறினால் உயிருக்கே ஆபத்து. மரத்தில் மாதிரி செய்து, இங்குள்ள வார்ப்படச் சாலை ஒன்றில் புதிதாக வார்த்துக்கொள்ளுங்கள். வார்த்த இரும்பு ஆறும்போது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும். லேத்தில் கடைந்து எடுக்கவும் கொஞ்சம் கூடுதல் தடிமன் (சதை) வேண்டும். மாதிரியை அதற்கேற்பப் பெரிதாகச் செய்யுங்கள். கடைந்து முடித்ததும் சக்கரத்தைச் சமநிலை பார்த்த பிறகே மாட்டுங்கள்.