கேஸை முடிக்க அவசரப்படும் ஜூனியர் வக்கீல்களுக்கு

குறுக்கு விசாரணை சொல்லித்தர ஆயிரம் சீனியர்கள் உண்டு. கேஸை எப்படி முடிப்பது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. அதனால் அந்தக் காலத்தில் நாங்கள் செய்த கோளாறுகளையே இன்றைய பிள்ளைகளும் செய்கிறார்கள். வாய்தா தேதியைத் தப்பாகக் குறிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

"ஒத்துக்கோ தம்பி, ஃபைனோட போயிடும்"

மாஜிஸ்திரேட் கோர்ட் வராண்டாவில் இதைக் கேட்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும்.

ஒரு பையன். கோயில் திருவிழாவில் கைகலப்பு. இ.பி.கோ. 294(பி) (பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுவது), 323 (அடிப்பது), 506(1) (மிரட்டுவது): இட்லியும் சட்னியும் போலச் சேர்ந்தே வரும் பிரிவுகள். அவனுடைய வக்கீல் காதில் ஓதினார், பையன் கூண்டில் தலையாட்டினான், அபராதம் கட்டி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டான். பிறகு போலீஸ் வேலைக்குத் தேர்வாகி, சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டான். அப்பா என்னிடம் ஃபைலோடு வந்தார். "ஃபைன் கட்டினா கேஸ் இருந்த தடமே தெரியாதுன்னு சொன்னாங்களே ஐயா!" ஃபைலைப் பிரித்தால், "எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று தெளிவாக இருக்கிறது. எதிரி என்றால் கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர்.

அபராதம் ஐந்நூறோ ஆயிரமோ, பதிவாவது தண்டனை. அப்பீல் போகலாமே என்றால் அந்த வழியும் பெரும்பாலும் அடைபட்டுவிடும். ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையும் அது சட்டப்படி செல்லுமா என்பதையும்தான் எதிர்க்க முடியும் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 375, 1.7.2024 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 416).

இதில் என்ன கொடுமையென்றால், அடிபட்டவர் அந்தப் பையனுக்குப் பங்காளி முறை, சமாதானத்துக்குத் தயாராகவே இருந்தார். 323-ஐயும் 506(1)-ஐயும் அங்கேயே சமரசம் செய்திருக்கலாம். அதற்கு விடுதலையின் பலன் உண்டு. 294(பி) மட்டும், சமரசம் செய்யச் சட்டம் அனுமதிக்கும் குற்றங்களின் பட்டியலில் இல்லை. அதற்கு ஹைகோர்ட்டில் ரத்து மனு போட்டிருக்க வேண்டும். அப்போதும் வேலை நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். தண்டனை என்ற கறை இருந்திருக்காது.

வேறு வழியே இல்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தால், 1958-ம் வருட நன்னடத்தைச் சட்டத்தையாவது கேளுங்கள். முதல் குற்றம், இரண்டு வருடத்துக்கு மேல் போகாத பிரிவு என்றால் பிரிவு 3-ன்படி எச்சரித்து விடச் சொல்லலாம். தண்டனையால் வரும் தகுதியிழப்பு சேராது என்கிறது பிரிவு 12. யாரும் கேட்பதில்லை. கேட்காமல் கோர்ட் தானாகக் கொடுக்கும் என்று காத்திருக்காதீர்கள்.

சமாதானம் ஆச்சு என்று வாய்தாவுக்குப் போகாமல் இருப்பது

பிடிவாரண்ட் வரும்.

ஜாமீன்தாரர் இல்லாமல் தீர்ப்புக்குப் போவது

மூன்று வருடத்துக்கு மேற்படாத தண்டனை, கட்சிக்காரர் ஜாமீனில் இருக்கிறார் என்றால், தண்டித்த கோர்ட்டே அப்பீல் போடும்வரை விடலாம். மனு தயாராக இருக்கும், கையெழுத்துப் போட ஆள் இருக்காது. மாலை ஐந்து மணிக்கு ஜெயில் வேன் ஏறுவார்.

"விடுதலை" என்றதும் சால்வை போடுவது

தீர்ப்பை முழுக்கப் படியுங்கள். "சந்தேகத்தின் பலனை அளித்து" என்றிருந்தால், தமிழ்நாடு போலீஸ் பணி விதிகளின்படி அவர் கிரிமினல் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியாகி, அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லி, அதனால் விடுதலையானாலும் அதே கதைதான். 2008-ல் சென்னை ஹைகோர்ட் ஃபுல் பெஞ்சும் (பல நீதிபதிகள் சேர்ந்த அமர்வு) அந்த விதியை ஏற்றுக்கொண்டது. ஆகவே வாதத்தில் "சந்தேகம் இருக்கிறது" என்பதோடு நிற்காமல், சம்பவமே பொய் என்பதற்கான ஆதாரத்தைச் சொல்லி, அதைத் தீர்ப்பில் பதிவு செய்யும்படி கேளுங்கள்.

நகல் மனு

தீர்ப்பின் நகல் கேட்கும் மனுவைத் தீர்ப்பு நாளன்றே போடுங்கள்.