செலரி விதையைப் புதைக்காதீர்கள்

செலரி விதையை ஈர மண்ணின் மேலேயே தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்திவிடுங்கள். மேலே மண் போட வேண்டாம். கடுகைவிடப் பொடியான இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். அரை அங்குலம் மண் மூடினாலே பெரும்பாலும் மேலே வராது, பாக்கெட் காசு வீண். குவளையால் தண்ணீர் ஊற்றினால் விதையெல்லாம் தொட்டி ஓரத்தில் ஒதுங்கிவிடும், தெளிப்பான்தான் சரி. முளைக்க 2, 3 வாரம்கூட ஆகும், பத்தாம் நாளே மண்ணைக் கொட்டிவிடாதீர்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் இது பலிக்காது. சூட்டில் விதை உறங்கிவிடும். ஐப்பசியில் விதைப்பது நல்லது, ஆனால் மழை அடித்துப் போகாமல் தாழ்வாரத்தில் வையுங்கள். அப்புறம், கொத்தமல்லிக்கு இந்த முறை வேண்டாம். அதை மண் மூடித்தான் விதைக்க வேண்டும்.